போட்டாச்சு

அவளுடைய அண்ணனை எல்லோரும் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். நிஜ விமானத்தில் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்ததற்கு மேல் அவனுக்கும் விமானத்துக்கும் சம்பந்தம் கிடையாது. மைதானத்தில் நின்று, கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு, வீட்டில் செய்த மாதிரி விமானங்களைப் பறக்கவிடுவான். அதற்கே தோளில் தங்கப் பட்டை வைத்து ஒரு வெள்ளைச் சட்டை தைத்து வைத்திருந்தான். ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும், பறக்கவிடுவதில் ஆள் கெட்டிக்காரன். அவளே பல தடவை வாயைப் பிளந்து பார்த்திருக்கிறாள். அயோக்கியனுக்குத் திறமை இருக்கக் கூடாது என்று சட்டமா போட்டிருக்கிறார்கள்?

அந்த அண்ணன் ஒரு மத்தியானம் அவளுடைய ஸ்டிக்கர் கடை வாசலில் வேனை நிறுத்தி, பழைய போர்வையில் சுற்றிய ரெக்கையை இறக்கினான். ரெக்கை என்றாலும் அது இன்னும் எலும்புக்கூடுதான். மெல்லிய பால்சா மரத்தில் வெட்டிய விலாக்கள், நடுவே தலையிலிருந்து கால்வரை ஓடும் ஒரு கட்டை, மேலே மூடும் பிலிம் தோல் கிடையாது. இடது பாதி தனி, வலது பாதி தனி. சேர்த்து மாட்டினால் இரண்டு ஆள் நீளம் வரும். கடையில் துண்டு துண்டாக விற்கும் கிட்டை வாங்கி ஒட்டியதில்லை. தாளில் கோடு போட்டு, ஒவ்வொரு துண்டையும் அவனே வெட்டிச் செய்தது.

"நீதான் பிலிம் ஒட்டணும்" என்றான்.

அவள் கையிலிருந்த கத்தியைக் கீழே வைக்கவில்லை. கண்ணாடிக் கதவில் ஒட்டுவதற்காக 'தள்ளவும்' என்று வெட்டிக்கொண்டிருந்தாள். போன வருஷம் மைதானத்தில் நடந்த விமானக் காட்சி முடிந்ததிலிருந்து அண்ணன் இந்தப் படியை மிதித்ததில்லை. மிதிக்க முகம் வேண்டுமே.

போன காட்சிக்குப் பறந்த விமானத்தின் ரெக்கை முழுக்க அவள் செய்தது. விலாவை வெட்டியது, பசை வைத்தது, பிலிமைச் சுருக்கம் இல்லாமல் இழுத்து ஒட்டியது எல்லாம் அவள்தான். மாதிரி விமானக் கிளப்பில் யார் ரெக்கை செய்தாலும் தோல் போட அவளிடம்தான் கொண்டுவருவார்கள். காட்சி அன்றைக்குக் காலையில் அண்ணனிடம் வழக்கம்போல் கேட்டாள்.

"அண்ணே, ரிசீவர் பேட்டரிக்குச் சார்ஜ் போட்டாச்சா?"

"போட்டாச்சு, போட்டாச்சு."

போட்டேன் என்று சொன்னால் போட்டவன் ஒருவன் வேண்டும். போட்டாச்சு என்றால் யாரும் வேண்டாம், காரியம் தன்னால் நடந்துவிடும். அண்ணன் சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். படிச்சாச்சு, குளிச்சாச்சு, குடுத்தாச்சு. எதையும் அவன் செய்ததில்லை, எல்லாம் ஆகியிருக்கும்.

விமானம் மேலே ஏறியது, ஒரு சுற்று சுற்றியது, அப்புறம் ரிமோட்டை எந்தப் பக்கம் திருப்பினாலும் கேட்காமல் நேராகப் போய்க்கொண்டே இருந்தது. ரிமோட் சொல்வதைக் கேட்கிற அந்தப் பேட்டரி செத்தது பெட்ரோல் எஞ்சினுக்குத் தெரியாது, அது பாட்டுக்கு உறுமிக்கொண்டு போகும். திருப்ப வேண்டிய வால்தான் செத்துக் கிடக்கும். மரங்களுக்குப் பின்னால் போய் விழுந்தது. முதலில் ஓடிப்போனது அண்ணன். நொறுங்கிய ரெக்கையைத் தூக்கிக்கொண்டு வந்தவன், கிளப் செயலாளர் கையிலிருந்த மைக்கில், கூடியிருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னான்.

"ரெக்கை மேலயே பிரிஞ்சிடுச்சு. ஒட்டினது சரியில்ல. கூடப் பொறந்தவளாச்சேன்னு நம்பிட்டேன்."

அவள் ஒட்டிய இணைப்பு ஒன்றுகூட விடவில்லை. தரையில் மோதி மரம்தான் ஒடிந்திருந்தது. பேட்டரியைச் சோதித்தாள், காலி. அதைக் காட்டினால், "விழுந்தப்புறம் சுவிட்ச் ஆன்லயே கெடந்துச்சு, அதான் தீர்ந்திருக்கு" என்றான். அதற்கு மேல் என்ன பேச? கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவன் புளுகு வருஷம் ஆகியும் வாடாமல் நின்றது. கிளப்பிலிருந்து ஒரு ரெக்கைகூட அவளைத் தேடி வரவில்லை. போர்டு எழுதக் கொடுக்க வருகிறவர்கள்கூடச் சிரித்துக்கொண்டே கேட்டார்கள், "எழுத்தாவது ஒட்டிக்கிட்டு நிக்குமாம்மா?"

அவளுக்கு ஒட்டுவதுதான் சோறு, ஒட்டுவதுதான் பெயர். அந்தப் பெயரை உரித்துப் போட்டவன் இப்போது ரெக்கையோடு வந்து நிற்கிறான்.

"ஏன், கிளப்புல வேற ஆள் இல்லையா?" என்றாள்.

"இவ்வளவு பெரிய ரெக்கையில ஒருத்தனும் கை வைக்க மாட்டேங்கிறான். நானே ஒரு பக்கம் ஒட்டிப் பார்த்தேன், அழுக்குத் துணி மாதிரி சுருங்கிடுச்சு. உரிச்சுட்டேன்." குரலைத் தணித்துக்கொண்டான். "ஆனா ஒண்ணு. நீ ஒட்டினேன்னு வெளியில மூச்சு விடாதே. ஜனங்க பயப்படுவாங்க. நான் ஒட்டினதாவே இருக்கட்டும்."

வயிறு எரிந்தது அவளுக்கு. ஆனால் வாய் என்னவோ அமைதியாகத்தான் சொன்னது.

"சொல்ல மாட்டேண்ணே."

"மஞ்சள் பிலிம். கண்ணாடி மாதிரி வெளிச்சம் ஊடுருவுற ரகம், வண்டியில வச்சிருக்கேன். வெயில்ல பறக்கும்போது உள்ள இருக்கிற வேலைப்பாடெல்லாம் கீழேயிருந்து தெரியணும். நான் வச்ச விலா ஒவ்வொண்ணையும் ஜனங்க எண்ணணும்."

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது. அப்போது அது இருவருக்குமே தெரியாது.

கடைக்கு மேலே இருந்த அறையில் நீள மேசை போட்டு ரெக்கையைக் கிடத்தினாள். முதலில் அவன் விட்டுவைத்திருந்த பசைக் கட்டிகளை உப்புத்தாளால் தேய்த்து எடுத்தாள். ஒரு விலா கோணலாக நின்றது, அதை வெட்டி எடுத்து நேராக வைத்தாள். அப்புறம் வலது பாதியின் அடியில் முதல் பிலிமை விரித்து, கையடக்கமான இஸ்திரிப் பெட்டியால் ஓரங்களை மட்டும் ஒட்டினாள். நடுவில் தொளதொளவென்று கிடக்கும் பிலிம்மீது சூட்டுக் காற்றைக் காட்டினால் அது சுருங்கி, முரசுத் தோல் மாதிரி விறைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில்தான் ரெக்கை ஒட்டுகிறவள் கையில் இருக்கும். லேசாக முறுக்கிப் பிடித்துச் சூடு காட்டினால் அந்த முறுக்கு அப்படியே நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாது. தரை இறங்கும் நேரத்தில் விமானம் ஒரு பக்கம் சாய்ந்து குப்புற விழும்.

முறுக்கினாள். பொய் சொல்வானேன், இரண்டு கையாலும் பிடித்து முறுக்கினாள். அவன் சட்டையின் தங்கப் பட்டையும், மைக்கும், 'கூடப் பொறந்தவளாச்சேன்னு' என்ற குரலும் கண்முன்னால் வந்தன. சூட்டுக் காற்று ஊதும் கருவியை எடுக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

விழுந்தால் என்ன சொல்வான்? 'அவகிட்டதான் குடுத்தேன், மறுபடியும் பிரிச்சுட்டா' என்பான். அவன் விமானம் ஒரு தடவை விழும், அவள் பெயர் இரண்டாம் தடவை விழும். சீ என்று கையை விட்டாள். ரெக்கை நிமிர்ந்துகொண்டது. இது விழக் கூடாது. இதுவரைக்கும் பறந்த எதையும்விட இது நன்றாகப் பறந்தாக வேண்டும். பறந்துகொண்டிருக்கும்போதே அவனைக் கீழே தள்ள வேண்டும். அது எப்படி என்றுதான் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து அண்ணி வந்தாள், வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று பார்த்துவரச் சொல்லி அண்ணன் அனுப்பியிருந்தான். மேசைப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, இஸ்திரிப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த எழவைப் பார்த்தாலே எனக்கு அந்த நாள்தான் ஞாபகம் வருது" என்றாள்.

"எந்த நாள் அண்ணி?"

"அதான், போன தடவை விழுந்துச்சே. காலையில எழுந்துதான் உங்க அண்ணன் அந்தப் பேட்டரியைச் சார்ஜ்ல மாட்டினாரு. மாட்டின கையோட, 'அந்த ப்ளக்கைப் புடுங்கிட்டு என் சட்டையை இஸ்திரி போடு, நேரமாச்சு'ன்னாரு. புடுங்கினேன், போட்டேன். திரும்ப மாட்டுனாரான்னா, இல்ல. சட்டையை மாட்டிக்கிட்டுக் கண்ணாடி முன்னாடி நின்னாரு."

அவள் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தாள். "இதை ஏன் இத்தனை நாள் சொல்லல?"

"சொல்லிட்டு? அதே வீட்டுலதானே நான் காலம் தள்ளணும்." அண்ணி எழுந்து சேலையை உதறிக்கொண்டாள். "மனசு கேக்கல, சொல்லிட்டேன். நான் சொன்னேன்னு எங்கேயும் சொல்லிடாதே, உனக்குப் புண்ணியமாப் போகும்."

அண்ணனும் சொல்லாதே என்றான், அண்ணியும் சொல்லாதே என்கிறாள். குடும்பமே அவள் வாய்க்குப் பூட்டு போட வரிசையில் நின்றது. சரி, அவள் சொல்ல வேண்டாம். நுணலும் தன் வாயால்தான் கெடும். இந்த நுணலை எப்படிக் கத்தவைப்பது?

அண்ணியை அனுப்பிவிட்டு, ஒட்டிய பக்கம் சூடு ஆறும் நேரத்தில் சரிபார்க்கலாம் என்று வலது பாதியை மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். வெயிலுக்கு எதிரே தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். மஞ்சள் பளபளத்தது, விலாக்கள் வரிவரியாகத் தெரிந்தன. ஓரிடத்தில் மட்டும் கறுப்பாக ஒரு பட்டை. பார்த்தால், ஒரு பிலிமின் ஓரம் இன்னொன்றின்மேல் விரலகலம் ஏறியிருந்தது. ஒட்டத் தெரிந்த எவரும் அந்த இணைப்பை விலாவுக்கு நேராக வைத்து மறைத்துவிடுவார்கள். அவள் ஆத்திரத்தில் தவறவிட்டிருந்தாள். அறைக்குள் டியூப்லைட்டுக்குக் கீழே அந்தப் பட்டை இருந்த இடமே தெரியவில்லை. மஞ்சள்மேல் மஞ்சள், அவ்வளவுதான். வெயில் பின்னால் வந்தால்தான் அது கறுத்தது.

அவள் அப்படியே ரெக்கையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். பக்கத்து மாடியில் துணி எடுக்க வந்தவள் பயந்து கீழே இறங்கிவிட்டாள்.

அடிப்பக்கத்துப் பிலிமை உரித்தாள். அதே மஞ்சளில், மூன்று மடிப்பு கனத்துக்கு, எழுத்துகளை வெட்டினாள். எழுத்து வெட்டுவது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. சின்னச் சின்னப் புள்ளிகளுக்குத் தம்ளரைக் கவிழ்த்து வட்டம் போட்டாள். 'ஜ' மட்டும் எப்போதும் போல் கொஞ்சம் நேரம் எடுத்தது. அவளுடைய 'ஜ'வுக்கு வால் மேலே ஏறி, திரும்பி, ஒரு கொக்கி போட்டு நிற்கும். கடைத்தெருவில் பாதி போர்டுகளில் அந்தக் கொக்கியைப் பார்க்கலாம். மாற்றி வெட்டலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். எதற்கு மாற்ற வேண்டும்?

கண்ணாடிக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டுகிற எழுத்தை இடவலம் மாற்றி ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் வெளியே நிற்பவனுக்குத் தலைகால் புரியாது. இந்தத் தொழிலில் புதிதாக வருகிற எல்லோரும் ஒரு தடவையாவது அந்தத் தப்பைச் செய்துவிட்டுத் திட்டு வாங்குவார்கள். ரெக்கையின் வயிறும் கண்ணாடிக் கதவும் ஒன்றுதான். எழுத்துகளைப் புதுப் பிலிமின் உள்பக்கம் இடவலம் மாற்றி ஒட்டி, அதை ரெக்கையின் அடியில் போட்டாள். எழுத்தின் தலை ரெக்கையின் முன்பக்கம் பார்க்கவேண்டும், அப்போதுதான் விமானம் எதிரே வரும்போது படிக்க முடியும். வலது பாதியில் ஒரு சொல், இடது பாதியில் ஒரு சொல். ஒரு பாதியை மட்டும் யாராவது பார்த்தாலும் ஒன்றும் விளங்காது.

அப்புறம் மேலே தோல் போட்டாள். சுருக்கம் இல்லை, கொப்புளம் இல்லை, முறுக்கு இல்லை. இரண்டு பாதியையும் மேசையில் வைத்துத் தூரத்திலிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். நூல் பிடித்த மாதிரி இருந்தது. அவள் வாழ்நாளில் ஒட்டியதிலேயே அதுதான் நல்ல ரெக்கை. வன்மத்துக்கு இவ்வளவு பொறுமை வரும் என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை.

அண்ணன் பொழுது சாயும் நேரத்தில் வந்து, டியூப்லைட் வெளிச்சத்தில் தட்டிப் பார்த்தான், தடவிப் பார்த்தான்.

"பரவாயில்ல" என்றான். அவன் வாயில் அதற்கு மேல் வராது.

அவள் மெத்தை வைத்துத் தைத்திருந்த உறையில் இரண்டு பாதியையும் போட்டு மூடினாள். "மைதானத்துல போய்த்தான் எடுக்கணும். ரொம்ப நேரம் வெயில் பட்டா பிலிம் இன்னும் இழுத்து ரெக்கை முறுக்கிக்கும்" என்றாள். அது பாதி உண்மை.

காட்சி நாளன்று நல்ல வெயில், மேகம் ஒன்றுகூட இல்லை. கயிறு கட்டிய பக்கம் சனம் முண்டியடித்தது. அண்ணன் சட்டையின் பட்டைகள் மின்ன, கூடாரத்துக்குள் ரெக்கையை மாட்டினான். ரெக்கை விமானத்தின் முதுகில் இருந்தது. அதன் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டுமானால் குனிந்து தலையை உள்ளே விட வேண்டும். அண்ணனின் தொப்பை குனிய விடுகிற சாதியில்லை. அவள் கயிற்றுக்கு இந்தப் பக்கம், அண்ணிக்குப் பக்கத்தில் நின்றாள். இந்தத் தடவை அவள் எதுவும் கேட்கவில்லை.

செயலாளர் மைக்கோடு அண்ணனின் தோளை ஒட்டி நின்றுகொண்டார். மைக் கிடைத்தால் விடாத மனிதர்.

"கேப்டன், பறக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு வார்த்தை."

"போன தடவை வேற ஒருத்தரை நம்பி ரெக்கையைக் குடுத்தேன். என்ன ஆச்சுன்னு உங்க எல்லாருக்கும் தெரியும்." சனத்தில் சிலர் திரும்பி அவளைப் பார்த்தார்கள். அண்ணனும் பார்த்தான், பார்த்துச் சிரித்தான். "இந்தத் தடவை எல்லாம் என் கையால."

அண்ணி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பேசு, இன்னும் நல்லாப் பேசு என்று அவள் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

விமானம் ஓடியது, எழும்பியது. எல்லோரும் ஆ என்றார்கள். அத்தனை பெரிய உருவம் அவ்வளவு மெல்ல ஏறுவதைப் பார்த்து அவளும் வாயைப் பிளந்தாள். மைதானத்தின் கோடிக்குப் போய், அகலமாகத் திரும்பி, சனத்தை நோக்கி வந்தது. சூரியன் அதன் முதுகில் இருந்தது. மஞ்சள் ரெக்கை விளக்குப் போட்ட மாதிரி பளிச்சென்று எரிந்தது. விலாக்கள் தெரிந்தன. விலாக்களுக்கு நடுவே, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, கறுப்பாக, கொட்டை கொட்டையாக எழுத்துகள் தெரிந்தன.

சார்ஜ் போட்டாச்சா?

முதலில் யாரோ ஒருவர் சத்தமாகப் படித்தார். அப்புறம் பத்துப் பேர் படித்தார்கள். அப்புறம் கயிற்றோரம் முழுக்க அது ஒரு கேள்வியாகப் பரவிச் சிரிப்பாக வெடித்தது. செயலாளர் மைக்கிலேயே எழுத்துக்கூட்டிப் படித்தார், "சார்ஜ்... போட்டாச்சா... அடடே, என்ன கேப்டன், விமானமே கேக்குது?"

அண்ணன் படித்துவிட்டான். கண்ணை விமானத்திலிருந்து எடுக்க முடியாது, எடுத்தால் விழுந்துவிடும். ஓடவும் முடியாது. தன் தலைக்கு மேல் வந்து தன்னையே கேட்கும் கேள்வியை அவனே பிடித்துப் பறக்கவிட்டுக்கொண்டிருக்க வேண்டும். வேர்வை சட்டையின் முதுகில் இறங்கியது. கேட்பது யார் என்று அவனுக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து அவனிடம் அதைக் கேட்டவள் ஒருத்திதான். திரும்பாமலே, வானத்தைப் பார்த்தபடியே கத்தினான்.

"போட்டேன்டீ! இந்தத் தடவை நான் போட்டேன்!"

மைக் அவன் தாடைக்குப் பக்கத்தில் இருந்தது. மைதானத்தின் நான்கு மூலையிலும் கட்டியிருந்த ஸ்பீக்கர்கள் அதை வாங்கிச் சத்தமாகச் சொல்லின. சிரிப்பு சட்டென்று நின்றது.

செயலாளர் மெல்லக் கேட்டார். போன தடவை அவள் பெயரைக் கெடுத்த அதே மைக்கில் கேட்டார். "இந்தத் தடவைன்னா... அப்ப போன தடவை போடலையா கேப்டன்?"

"அது... அது அப்ப... போட்டா..."

'ச்சு' வரவில்லை. அதற்குள் விமானம் இன்னொரு சுற்று முடித்து, துளிகூட ஆடாமல், ஒரு ஓரம்கூட உரியாமல், எல்லோரையும் பார்த்து மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டு வந்தது. ஒருவர்கூட இப்போது சிரிக்கவில்லை. கயிற்றோரம் நின்றவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி அவளைப் பார்க்க ஆரம்பித்தார்கள். இனிமேல் அண்ணன் அவள் வீட்டு வாசலை மிதிக்க மாட்டான். மிதிக்காவிட்டால் போகட்டும். அவளுக்கு வயிறு குளிர்ந்தது, உள்ளங்கால்வரை குளிர்ந்தது.

கிளப்பில் பழைய ஆள் ஒருவர், ஒரு காலத்தில் தன் ரெக்கைகளை அவளிடமே கொண்டுவந்தவர், கூட்டத்தை விலக்கிக்கொண்டு பக்கத்தில் வந்தார். கண்ணுக்கு மேல் கையை வைத்து வானத்தையே பார்த்தார்.

"அந்த 'ஜ'வோட வாலை எங்கேயோ பார்த்திருக்கேனே" என்றார். "யாரும்மா ஒட்டினது?"

வாக்குக் கொடுத்திருக்கிறாளே, மீறலாமா? அவள் ஸ்பீக்கர் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அண்ணன் சொல்வது மாதிரியே நிதானமாகச் சொன்னாள்.

"ஒட்டியாச்சு."